நீதிமன்றப் படியேறிய நடிகை

ஒரு திரைப்பட நடிகையின் பெருமையை அளப்பதற்கு உலகம் சில அளவுகோல்களை வைத்திருக்கின்றது. அவர் நடித்த படங்களின் தொகை, பெற்ற விருதுகள், ஈட்டிய ஊதியம், சுவைஞர் உள்ளத்தில் பெற்ற இடம் ஆகியவையே அவை. இவற்றுள் எதனைக் கொண்டு அளந்தாலும் அமெரிக்க நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் குறைவுடையவர் அல்லர். ஏறத்தாழ ஐம்பது படங்களில் நடித்தவர். சிறந்த நடிகைக்கான அகாதமி விருதை இருமுறை வென்றவர். ஆயினும் ஏனைய நடிகையர் பலருக்கும் வாய்க்காத ஒரு தனிச்சிறப்பு அவருக்கு உண்டு. அவருடைய பெயர் திரைக்கலை வரலாற்று நூல்களில் மட்டுமன்றித் தொழிலாளர் சட்ட நூல்களிலும் இடம்பெற்றிருக்கின்றது. உழைப்பவருக்கும் உழைப்பிப்பவருக்கும் இடையே எழுந்த ஒரு வினாவுக்கு அவர் தொடுத்த வழக்கே விடையாக அமைந்தது. அவ்வரலாற்றை ஆய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

ஒலிவியா 1916ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 1ஆம் நாள் சப்பான் நாட்டின் டோக்கியோ நகரில் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேயர். தந்தை வால்டர் காப்புரிமைத் துறை வழக்கறிஞர். தாய் லிலியன் நாடக நடிப்பில் பயிற்சி பெற்றவர். ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' என்னும் நாடகத்தில் வரும் ஒலிவியா என்னும் பாத்திரத்தின் பெயரையே தாய் தம் மூத்த மகளுக்கு இட்டார். 1917இல் தங்கை ஜோன் பிறந்தார். பிற்காலத்தில் ஜோன் ஃபொண்டெய்ன் என்னும் பெயரில் புகழ்பெற்ற நடிகை இவரே.

குழந்தைகளின் உடல்நலம் கருதி 1919இல் தாய் அவர்களை அழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு வந்து, கலிபோர்னியா மாநிலத்தில் சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கேயுள்ள சரடோகா என்னும் சிற்றூரில் குடியேறினார். தந்தை சப்பானுக்கே திரும்பிவிட்டார், மணவாழ்வும் முறிந்தது. தாய் மறுமணம் செய்துகொண்டவர் கண்டிப்பு மிகுந்தவர். பள்ளியில் நடைபெறவிருந்த நாடகம் ஒன்றில் ஒலிவியாவுக்குத் தலைமைப் பாத்திரம் கிடைத்தபொழுது, நாடகத்தில் நடித்தால் வீட்டில் இடமில்லை என்றார் மாற்றாந்தந்தை. வீடா நாடகமா என்ற வினாவுக்கு அச்சிறுமி கண்ட விடை, குடும்ப நண்பர் ஒருவர் இல்லத்தில் தங்கிக்கொண்டு நாடகத்தில் நடித்ததேயாகும். அதிகாரத்தின் முன் பணிந்து போகாத இயல்பு பிற்காலத்தில் திடுமென முளைத்ததன்று என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

அவருடைய விருப்பம் திரையுலகின்மீது இருந்ததில்லை. ஆங்கில ஆசிரியராக வேண்டும் என்பதே அவர் எண்ணம். அதற்கேற்ப ஓக்லண்டு நகரின் மில்ஸ் கல்லூரியில் பயிலக் கல்வி உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால் 1934ஆம் ஆண்டின் கோடையில், ஆஸ்திரிய நாடக மேதை மேக்ஸ் ரைன்ஹார்ட் 'நடுவேனில் இரவுக் கனவு' நாடகத்தை ஹாலிவுட் நகரின் திறந்தவெளி அரங்கில் மேடையேற்ற முற்பட்டார். அந்நாடகத்தில் ஹெர்மியா பாத்திரத்துக்கு மாற்று நடிகையின் மாற்றாக ஒலிவியா அமர்த்தப்பெற்றார். முதல் நடிகையும் விலகினார். அவருக்கு மாற்றாக இருந்தவரும் விலகினார். பதினெட்டு வயதுப் பெண் மேடையேறினார். அந்நாடகத்தை வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் படமாக்க முன்வந்தபொழுது, அதே பாத்திரத்துக்கு அவரையே ஒப்பந்தம் செய்தது. ஆசிரியப் பணி கைநழுவிப் போயிற்று.

ஒப்பந்தம் என்னும் வேலி

இவ்விடத்தில் அக்கால அமெரிக்கத் திரைத்தொழில் நடைபெற்ற முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். இன்று ஒரு நடிகர் படத்துக்குப் படம் தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொள்கிறார். 1930களிலோ நிலைமை வேறு. பெரிய பட நிறுவனங்கள் நடிகர்களை மாதச் சம்பளக்காரர் போல், ஆனால் வாரக் கூலி முறையில், நெடுங்காலத்துக்கு அமர்த்திக்கொண்டன. ஒப்பந்தம் ஏழாண்டுக்கு எனப் பெயர். ஆனால் ஆண்டு முடிவில் நடிகரை வைத்துக்கொள்வதா விலக்கிவிடுவதா என்று முடிவு செய்யும் உரிமை நிறுவனத்துக்கு மட்டுமே உண்டு. நடிகருக்கு விலகும் உரிமை இல்லை.

எந்தப் படத்தில் எந்தப் பாத்திரத்தில் நடிப்பது என்பதையும் நிறுவனமே முடிவு செய்யும். வேறு நிறுவனத்துக்கு நடிகரை இரவல் கொடுப்பதும் உண்டு. இரவல் பெற்றவர் கொடுக்கும் தொகை எவ்வளவாயினும், நடிகருக்குச் செல்வது ஒப்பந்தச் சம்பளம் மட்டுமே. கொடுத்த பாத்திரத்தை ஏற்க நடிகர் மறுத்தால் அவர் இடைநீக்கம் செய்யப்பெறுவார். அக்காலத்தில் அவருக்குச் சம்பளம் இல்லை. பிற இடத்தில் வேலை செய்யவும் இயலாது. எல்லாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. இடைநீக்கம் செய்யப்பெற்ற வாரங்கள் அனைத்தும் ஒப்பந்தத்தின் இறுதியில் கூட்டப்பெறும். எனவே ஏழாண்டு என்பது எட்டாண்டாகலாம், பத்தாண்டாகலாம். மறுக்க மறுக்கத் தளை நீளும்.

நிறுவனங்களின் பக்கத்திலும் ஒரு நியாயம் கூறப்பட்டது. பெயர் தெரியாத ஒருவரைக் கண்டெடுத்து, பயிற்சி அளித்து, விளம்பரம் செய்து, புகழ் பெறச் செய்வது நிறுவனமே. அதற்கான செலவும் அதனுடையதே. எனவே பலனை அடையவும் அதற்கு உரிமையுண்டு என்பது அவ்வாதம். இதனை முற்றிலும் புறக்கணித்துவிட இயலாது. ஆயினும் விதைத்தவன் அறுக்கலாம் என்பதற்கும், விளைநிலமாக ஒரு மனித உயிரையே வேலியிட்டு வைக்கலாம் என்பதற்கும் வேறுபாடு உண்டன்றோ?

புகழும் புழுக்கமும்

ஒலிவியா 1936ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் வாரம் 500 டாலர் தொடக்கச் சம்பளத்தில் ஏழாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அதற்கு முன்பே, 1935இல் வெளிவந்த 'கேப்டன் பிளட்' என்னும் கடற்கொள்ளையர் படம், எரல் ஃபிளின் என்னும் நடிகரையும் அவரையும் ஒருசேரப் புகழேணியில் ஏற்றிவிட்டது. இவ்விருவரும் எட்டுப் படங்களில் இணைந்து நடித்தனர். அவற்றுள் 1938ஆம் ஆண்டின் 'ராபின் ஹூட்' படம் பெயர்பெற்றது. ஆனால் இப்படங்களில் ஒலிவியாவுக்கு வாய்த்தவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த பாத்திரங்களே. வீரன் வாள் சுழற்றுவான். நாயகி அழகாக நின்று அவன் வரவை எதிர்பார்ப்பாள். நடிப்பாற்றல் உடைய ஒருவருக்கு இது மனநிறைவு தருமோ?

அந்நிலையில் டேவிட் செல்ஸ்னிக் என்னும் தயாரிப்பாளர் 'கான் வித் த விண்ட்' புதினத்தைப் படமாக்கினார். அதில் வரும் மெலனி என்னும் அமைதியும் உறுதியும் வாய்ந்த பாத்திரத்தை ஏற்க ஒலிவியா விழைந்தார். நிறுவனத் தலைவர் ஜாக் வார்னர் அவரை இரவல் கொடுக்க இசையவில்லை. ஒலிவியா வார்னரின் மனைவி ஆனைத் தேநீருக்கு அழைத்துத் தம் வேண்டுகோளை எடுத்துரைத்தார். அவ்வம்மையாரின் பரிந்துரையால் இசைவு கிடைத்தது. 1939இல் வெளிவந்த அப்படத்தால் ஒலிவியாவின் பெயர் துணை நடிகைக்கான அகாதமி விருதுப் பட்டியலில் இடம்பெற்றது. அவ்விருது அதே படத்தில் நடித்த ஹேட்டி மெக்டேனியலுக்குச் சென்றது. அகாதமி விருது பெற்ற முதற் கறுப்பினக் கலைஞர் அவரே.

இத்துணைப் பெயருக்குப் பின்னரும் தம் நிறுவனத்தில் ஒலிவியாவின் நிலை மாறவில்லை. அதே ஆண்டில் எலிசபெத் அரசியைப் பற்றிய வார்னர் படத்தில் பெட்டி டேவிஸ், எரல் ஃபிளின் ஆகிய இருவருக்கும் அடுத்த நிலையிலேயே அவர் நிறுத்தப்பெற்றார். 1941இல் பாரமவுண்ட் நிறுவனத்துக்கு இரவலாகச் சென்று நடித்த 'ஹோல்ட் பேக் த டான்' படத்துக்காகச் சிறந்த நடிகை விருதுப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. அவ்வாண்டு விருதை வென்றவர் அவருடைய தங்கை ஜோன். தமக்குப் பெயர் தந்த பாத்திரங்கள் பிற நிறுவனங்களிலேயே கிடைக்கின்றன என்பதை ஒலிவியா கண்டுகொண்டார். தகுதியற்றவை எனத் தாம் கருதிய பாத்திரங்களை மறுக்கத் தொடங்கினார். இடைநீக்கங்களும் தொடர்ந்தன.

வழக்கு

1943ஆம் ஆண்டு மே திங்களில் ஏழாண்டும் நிறைவுற்றன. ஒலிவியா விடுதலையை எதிர்பார்த்தார். நிறுவனமோ வேறு கணக்குக் காட்டியது. அவர் இடைநீக்கத்தில் இருந்த காலம் 25 வாரங்கள். அக்காலத்துக்கு அவர் இன்னமும் கடமைப்பட்டவர் என்றது.

இதே நிறுவனத்தை எதிர்த்து முன்னரும் ஒரு நடிகை போராடியிருந்தார். 1936இல் பெட்டி டேவிஸ் ஒப்பந்தத்தை மீறி இங்கிலாந்துக்குச் சென்று நடிக்க முற்பட்டார். நிறுவனம் இலண்டன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து அவருக்கு எதிராகத் தடையாணை பெற்றது. டேவிஸ் தோற்றுத் திரும்பினார். அத்தகு ஆற்றல் வாய்ந்தவரே தோற்றுவிட்ட பின்னர், மீண்டும் ஒருவர் துணிவது எளிதன்று.

ஒலிவியா மார்ட்டின் கேங் என்னும் வழக்கறிஞரை நாடினார். அவர் எடுத்துக்காட்டியது புதிய சட்டம் அன்று. கலிபோர்னியாவின் பழைய சட்டம் ஒன்றே. தனிமனிதர் ஒருவரின் உழைப்பைப் பெறும் ஒப்பந்தத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு மேல் அவர்மீது வலிந்து செயற்படுத்தலாகாது என்று 1872ஆம் ஆண்டிலேயே அம்மாநிலம் விதித்திருந்தது. தொடக்கத்தில் அக்கால வரம்பு 2 ஆண்டு. 1919இல் 5 ஆண்டாகவும், 1931இல் 7 ஆண்டாகவும் அது நீட்டிக்கப்பெற்றது. 1937இல் அவ்விதி தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 2855ஆம் பிரிவாகச் சேர்க்கப்பெற்றது. நடிகரும் உழைப்பவரே, எனவே இவ்விதி அவருக்கும் பொருந்தும் என்பது கேங்கின் கருத்து.

வழக்கின் மையம் ஒரேயொரு வினாதான்: ஏழாண்டு என்றால் என்ன? பணி தொடங்கிய நாள் முதல் நாட்காட்டியில் கழியும் ஏழாண்டா? அன்றி, நடிகர் உண்மையாகவே வேலை செய்த நாள்களை மட்டும் கூட்டினால் வரும் ஏழாண்டா? முன்னதே என்றார் ஒலிவியா. பின்னதே என்றது நிறுவனம். தாமே மறுத்து வேலை செய்யாதிருந்த காலத்தின் பயனை நடிகை பெறுதல் முறையாகுமா என்றும் அது வாதிட்டது.

1943 ஆகஸ்டில் வழக்குத் தொடுக்கப்பெற்றது. அவ்வாண்டு நவம்பரில் முதல்நிலை நீதிமன்றம் ஒலிவியாவின் பக்கம் தீர்ப்பளித்தது. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 1944 டிசம்பர் 8ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பை உறுதி செய்தது. ஏழாண்டு என்பது நாட்காட்டியின் ஏழாண்டே என்பது அதன் முடிவு. இவ்விதி ஒரு தொழிலாளியின் தனி நலனுக்காக மட்டும் இயற்றப்பெற்றதன்று, பொது நலனுக்காக இயற்றப்பெற்றது. ஆதலின் தனிப்பட்ட ஒப்பந்தத்தால் அதனைக் கைவிடச் செய்தல் இயலாது என்றும் நீதிமன்றம் விளக்கியது. ஒருவர் பட்டறிவும் திறனும் பெறப் பெற, அதற்கேற்ற உயர்வையும் ஊதியத்தையும் தேடிச் செல்ல வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் உட்கிடை. 1945 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் வேண்டுகோளை ஏற்க மறுத்தது. வழக்கு முடிந்தது.

வெற்றிக்குக் கொடுத்த விலை

தீர்ப்பைப் படிப்பவருக்கு இது எளிய வெற்றியாகத் தோன்றலாம். உண்மை அதுவன்று. வழக்கு நடைபெற்ற காலத்தில் ஒலிவியாவுக்கு வேலை கொடுக்கலாகாது என்று வார்னர் பிற நிறுவனங்களுக்கு எழுதினார். எந்த நிறுவனமும் அவரை அழைக்கத் துணியவில்லை. ஏறத்தாழ ஈராண்டுக் காலம் அவர் எந்தப் படப்பிடிப்பிலும் பங்கேற்கவில்லை. நடிகைக்கு இளமை எத்துணை அருமையானது என்பதை நாம் அறிவோம்; முப்பதை நெருங்கும் வயதில் ஈராண்டு மறைந்திருத்தல், மீண்டும் வருவோமா என்ற ஐயத்துக்கு இடமளிப்பதாகும். தோற்றிருந்தால் அவருடைய திரைவாழ்வு அத்துடன் முடிந்திருக்கவும் கூடும்.

அக்காலத்தை அவர் வீணாக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளை அது. அலூஷியன் தீவுகளிலும் தென் பசிபிக் தீவுகளிலும் இருந்த படைமருத்துவமனைகளுக்குச் சென்று, காயமுற்ற வீரர்களைக் கண்டு ஆறுதல் கூறினார். ஃபிஜித் தீவில் நுரையீரல் காய்ச்சலுக்கு ஆளாகித் தாமே சில வாரம் மருத்துவமனையில் படுத்திருந்தார்.

விடுதலைக்குப் பின்

தீர்ப்புக்குப் பின் வந்த ஐந்தாண்டுகளே ஒலிவியாவின் கலைவாழ்வின் பொற்காலம் எனலாம். 1946இல் வெளிவந்த 'டு ஈச் ஹிஸ் ஓன்' படத்தில், பெற்ற மகனையே தன் மகன் என்று கூற இயலாத தாயாக நடித்து முதல் அகாதமி விருதைப் பெற்றார். 1948இல் 'த ஸ்நேக் பிட்' என்னும் படத்தில் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பெற்ற பெண்ணாக நடித்தார். அப்பாத்திரத்துக்காக மனநோய் மருத்துவமனைகளுக்கே சென்று அங்குள்ள மருத்துவ முறைகளையும் நோயாளிகளின் நிலையையும் நேரிற் கண்டறிந்தார். வாய்திறந்து பேசத் தயங்கிய ஒரு பொருளைப் பொதுமக்கள் விவாதிக்குமாறு செய்தது அப்படம். 1949இல் வில்லியம் வைலர் இயக்கிய 'த எய்ரஸ்' படத்தில் தந்தையாலும் காதலனாலும் ஏமாற்றப்பெறும் செல்வ மகளாக நடித்து இரண்டாம் விருதை வென்றார். மேடையில் அந்நாடகத்தைக் கண்டு, அதனைப் படமாக்கலாம் என்று வைலரிடம் எடுத்துரைத்தவரும் ஒலிவியாவே.

இம்மூன்று பாத்திரங்களையும் முற்காலப் பாத்திரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். வாளேந்திய வீரனுக்காகக் காத்திருக்கும் நாயகி இவற்றில் இல்லை. ஆற்றல் ஒருவரிடம் இருந்தால் மட்டும் போதாது. அதனைத் தேர்ந்து பயன்படுத்தும் உரிமையும் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேறு வேண்டுவதில்லை.

1950களின் நடுவில் அவர் பிரான்சு நாட்டுக்குக் குடிபெயர்ந்து, இறுதிவரை பாரிசு நகரில் வாழ்ந்தார். 1964இல் முன்னர் தோற்ற பெட்டி டேவிஸும் பின்னர் வென்ற ஒலிவியாவும் ஒரே படத்தில் இணைந்து நடித்தனர். 1965இல் கேன் திரைப்பட விழாவின் நடுவர் குழுவுக்குத் தலைமை தாங்கிய முதற் பெண்மணி என்னும் சிறப்பையும் ஒலிவியா பெற்றார். 2008இல் அமெரிக்க அரசு கலைக்கான தேசியப் பதக்கம் வழங்கியது. 2017இல் பிரித்தானிய அரசு 'டேம்' என்னும் பட்டம் அளித்தது.

அதே 2017இல், தம் நூற்றோராவது பிறந்தநாளுக்கு முதல் நாள், அவர் மீண்டும் நீதிமன்றம் சென்றார். பெட்டி டேவிஸ் பற்றிய தொலைக்காட்சித் தொடரில் தம்மைத் தம் இசைவின்றிச் சித்திரித்ததோடு தவறாகவும் காட்டினர் என்பது அவர் வழக்கு. இம்முறை அவர் வெல்லவில்லை. வரலாற்று மாந்தரைப் படைப்பாளர் சித்திரிக்கும் உரிமையை 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உயர்த்திப் பிடித்தது. ஆயினும் உரிமை பறிபோயிற்று என்று தாம் உணர்ந்தபொழுது நூறு வயதிலும் அவர் வாளா இருக்கவில்லை. 2020ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், தம் 104ஆம் வயதில் பாரிசில் அவர் மறைந்தார்.

தீர்ப்பின் பயன்

1944ஆம் ஆண்டுத் தீர்ப்பு தனியே நின்று பழைய பட நிறுவன ஆட்சியை வீழ்த்திவிட்டது என்று கூறுதல் மிகையாகும். படத்தயாரிப்பையும் திரையரங்குகளையும் ஒரே நிறுவனம் வைத்திருத்தலைத் தடுத்த 1948ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும், வீடுதோறும் புகுந்த தொலைக்காட்சியும் அவ்வீழ்ச்சிக்குப் பெருங்காரணங்கள் ஆயின. எனினும் மறுத்தவரைக் காலத்தால் கட்டிப்போடும் தளையை முதலில் அறுத்தெறிந்தது ஒலிவியாவின் வழக்கே. அச்சட்ட விதி மக்கள் வழக்கில் 'டி ஹாவிலண்ட் சட்டம்' என்றே வழங்கலாயிற்று. இசைத்தட்டு நிறுவனங்களுக்கும் பாடகர்களுக்கும் இடையே எழும் வழக்குகளிலும் அது பேசப்படுகின்றது. 2008இல் நடிகரும் பாடகருமான ஜாரெட் லெட்டோவின் இசைக்குழு மீது இ.எம்.ஐ. நிறுவனம் 3 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தபொழுது, அக்குழுவினர் சுட்டிக்காட்டியது இவ்விதியையே. அவ்வழக்கு 2009இல் உடன்பாட்டில் முடிந்தது.

ஈண்டு மாணவர் கருத்திற் கொள்ள வேண்டிய உண்மை ஒன்றுண்டு. ஒலிவியா புதிய சட்டம் எதனையும் இயற்றவில்லை. அவ்விதி அவர் பிறப்பதற்கு 44 ஆண்டுகளுக்கு முன்பே நூலில் எழுதப்பெற்றிருந்தது. திரையுலகில் எத்தனையோ பேர் கையெழுத்திட்டனர், இடைநீக்கம் செய்யப்பெற்றனர், நீட்டிக்கப்பெற்ற காலத்தை முணுமுணுத்தவாறே கழித்தனர். விதி நூலிலேயே உறங்கிக் கிடந்தது. தம் தொழிலையே பணயமாக வைத்து ஒருவர் நீதிமன்றப் படியேறி, இதன் பொருள் யாது என்று கேட்ட பின்னரே அது விழித்தெழுந்தது. ஆங்கிலம் கற்பிக்க எண்ணியிருந்த பெண் இரண்டு சொற்களின் பொருளுக்காகவே ஈராண்டுகள் போராடினார். 'ஏழு ஆண்டு' என்பன அச்சொற்கள். அவற்றின் பொருளை அவர் நிலைநாட்டியதனால், பின்வந்த கலைஞர் தம் வாழ்நாளைத் தாமே எண்ணிக்கொள்ளும் உரிமையைப் பெற்றனர்.